மங்கை வீட்டு மாட்டுக்குள் அமலா வீட்டு ஆட்கள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்கு நான் முதலில் பிடித்துவைத்த நாயகன் மனிதனே இல்லை. மாட்டின் வயிற்றில் வாழும் ஒரு நுண்ணுயிர். உடம்பு முழுக்க ஒரே செல். அதற்குள்ளேயே வாய், சுற்றிலும் அசையும் மென்மயிர். மாடு புல்லை மென்று விழுங்குவதோடு சரி. செரிக்க வைப்பதில் பெரும்பங்கு இந்தக் கூட்டத்துக்கும் பாக்டீரியாக்களுக்கும்தான். ஒரு வகை நாரைத் தின்னும், ஒரு வகை மாவுச்சத்தை, இன்னொன்று பக்கத்தில் இருக்கும் பாக்டீரியாவையே. வளர்ந்து பருத்ததும் தன்னை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போய்விடும்.*

ஆனால் நாயகனுக்குப் பேச்சு வரவில்லை. ஒரு மனுஷியைத் தேட வேண்டியதாயிற்று.

(* பாகப்பிரிவினை வழக்கு கிடையாது. வக்கீலும் கிடையாது.)

2

'செஞ்சிக் கோட்டையின் மேல் விடிகாலை மேகம் கவிந்திருந்தபோது...' [வேண்டாம். மங்கைக்குக் கோட்டையைப் பார்க்க நேரமில்லை. மாடு படுத்துவிட்டது.]

கோட்டை அடிவாரத்தில் புது வீடு கட்டியவள் மங்கை. முந்தின நாள்தான் கிரகப்பிரவேசம். ஊரையே அழைத்தாள், பக்கத்து வீட்டு அமலாவைத் தவிர. அமலா அவள் கொழுந்தன் பெண்டாட்டி. பாகம் பிரித்தபோது கிணற்று மோட்டார் யாருக்கு என்று தொடங்கிய சண்டையில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது. ஆனால் விருந்துக்கு அரிசி அளந்தபோது மங்கையின் கை பழக்கதோஷத்தில் கொழுந்தன் வீட்டுக்கும் சேர்த்தே அளந்துவிட்டது. சோறு மிஞ்சியது. கொட்ட மனசில்லாமல் அண்டாவோடு மாட்டுக்கு வைத்தாள்.

3

மாட்டாஸ்பத்திரி டாக்டர் ரஞ்சனி மாட்டின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே சத்தமே இல்லை.

"இன்னா வெச்சீங்க?"

"சோறுதாம்மா. ஆசையா துன்னுச்சு."

"அது உள்ள போயி புளிச்சிருச்சு. அந்தப் புளிப்புல கண்ணுக்குத் தெரியாத உசுருங்க எல்லாம் செத்துப்போயிருக்கும். மருந்து குடுத்துட்டேன். ஆனா அதுங்க இல்லாம மாடு தேறாது. நல்லா அசைபோடற மாட்டோட வயித்துத் தண்ணிய எடுத்து, சூடு ஆறறதுக்குள்ள இதுக்கு ஊத்தணும். பக்கத்துல யாரு வூட்ல மாடு இருக்குது?"

மங்கை சுவரைப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அமலாவின் மாடு கத்தியது.

(தெருவில் வேறு மாடே இல்லையா என்று நீங்கள் முறைப்பது தெரிகிறது. இருந்தன. எல்லாவற்றையும் மேய்ச்சலுக்கு ஓட்டிவிட்டவன் நான்தான். பக்கத்து ஊரான வல்லத்துக்குப் போய் எடுத்துவந்தால் சூடு ஆறிவிடும்.)

கன்றாக இருந்தபோது புட்டிப்பால் கொடுத்து மங்கை வளர்த்த மாடு இது. அது செத்தால் தன் கையால்தான் செத்ததாகும். விருந்துக்கு டீ ஊற்றிவைத்த பெரிய பிளாஸ்க்கைக் கழுவி எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

4

'அமலாவைக் கண்டதும் மங்கை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு...' [அடித்துவிட்டேன். இருவருமே அப்படிப்பட்ட ஆட்கள் இல்லை.]

அமலா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"அமலா, உங்க மாட்டு வயித்துத் தண்ணி கொஞ்சம் வேணும்."

"இன்னா வேணும்?"

மங்கை மறுபடியும் சொல்ல வேண்டியதாயிற்று.

"சோத்துக்குக் கூப்புடல. மாட்டு வாந்திக்கு மட்டும் வந்துட்டியாக்கா?"

"தப்புதான்." மங்கை பிளாஸ்க்கை நீட்டினாள். "உங்க சோத்தத்தான் அது துன்னுச்சு."

அமலா ஈரத்துணியைக் கூடையில் போட்டுவிட்டுத் தொழுவத்துக்கு நடந்தாள். "மாட்டுக்காகத் தர்றேன். உனக்கில்ல."

பின்னாலேயே வந்த ரஞ்சனி அமலாவின் மாட்டுக்குக் குழாய் விட்டுப் பச்சை நிறத் தண்ணீரை எடுத்துத் துணியில் வடிகட்டினாள். "சீக்கிரம்! இதுல உசுரோட இருக்குறதுங்கதான் அங்க போயி குடும்பம் நடத்தணும்."

மங்கை பிளாஸ்க்கை முந்தானையில் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

5

'மாடு செத்...' [எழுதிப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை.]

மறுநாள் காலை மாடு எழுந்து நின்று அசைபோட்டது. இது என் முடிவு. இதில் உங்களுக்குப் பங்கில்லை. உங்களுக்கு விட்டுவைத்தது வேறு.

அமலா வந்தாள். புது வீட்டுப் படி ஏறவில்லை.

"எங்க வூட்டு ஆளுங்க உள்ள எப்டி இருக்குதுங்க?"

"நல்லா இருக்குதுங்க," என்றாள் மங்கை. "வந்ததுலேர்ந்து துன்னுகினுதான் இருக்குதுங்க."

அமலாவின் உதடு லேசாகச் சிரித்தது. அதற்கு மேல் நிற்கக் காரணம் இல்லாததால் திரும்பி நடந்தாள். மங்கை வாயைத் திறந்தாள்.

"                    "

இதை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். உதவிக்கு ஒன்று சொல்கிறேன்: அடுப்பில் சோறு வெந்துகொண்டிருக்கிறது, இன்றைக்கும் மங்கையின் கை பழைய அளவில்தான் அரிசி போட்டிருக்கிறது. யோசித்துக்கொண்டே இருக்காதீர்கள். அமலா தன் வீட்டுப் படியில் கால் வைத்துவிட்டாள்.