குளத்தடியில் ஏறும் பயணி

ஒரு முழுக் காட்டை நான் நாற்பது யூரோவுக்கு விற்கிறேன். குளம், குன்று, மயில், அதிகாலைப் பனி எல்லாம் அதற்குள் அடக்கம். யானை வராவிட்டால் காசு திரும்பாது. அது காட்டின் குற்றம், கடையின் குற்றமல்ல.

பிரெஞ்சுத் தலைநகரில், எங்கள் ஆட்கள் கடை வைத்திருக்கும் லா சப்பலில், ரூ பஜோலுக்கு இரண்டு தெரு தள்ளி என் பயணச்சீட்டுக் கடை. கோடையில் ஊருக்குப் போகிறவர்களின் தலையில் விமானச் சீட்டோடு வன்னிச் சரணாலயத்து ஜீப் சுற்றுலா ஒன்றையும் கட்டிவிடுவேன்.

புறநகர் கூசேன்வில்லிலிருந்து அருள்மலர் வந்தார். விமான நிலையத்தில் துப்புரவு வேலை, தனி ஆள். விமானச் சீட்டில் முப்பது யூரோ குறைக்க வைத்துவிட்டு, மேசையில் கிடந்த சரணாலய நோட்டீசை எடுத்தார். படத்தில் ஒரு குளம், கரையில் பாலை மரம், தண்ணீர் குடிக்கும் யானைகள்.

"அண்ணை, ஜீப் இந்தக் குளத்தடிக்குப் போகுமோ?"

"அங்கை போகாட்டி எனக்கு ஆர் தங்கச்சி காசு தருவினம்?"

"இறங்க விடுவினமோ?"

"விடமாட்டினம். பாதுகாத்த காடு. இலை பிடுங்கினாலும் வழக்கு."

"அது நல்லது. அப்ப ஒருத்தரும் கிண்டியிருக்க மாட்டினம்." படத்தை மடித்துக் கைப்பையில் வைத்தார். "போக ஒரு சீற் போடுங்கோ. வர ரெண்டு."

"மற்றவர் எங்கை ஏறுவார்?"

"குளத்தடியிலை. என்ரை மகன் கரிகாலன். அது எங்கடை வீடு இருந்த வளவு, அண்ணை. சண்டையிலை செல் விழுந்தண்டு அவனை அந்தப் பாலைக்குக் கீழை தாட்டுப்போட்டு ஓடினனாங்கள். நாலு வயசு."

நான் சீட்டுப் புத்தகத்தை இழுத்து வைத்தேன்.

"இறங்கேலாட்டிப் பரவாயில்லை," என்றார். "பக்கத்திலை இடம் இருந்தால், கூப்பிட ஏறுவான்."

"தங்கச்சி, அவரைச் சும்மா கூட்டிக்கொண்டு வாங்கோ."

"சும்மா வேண்டாம். காசு குடுக்காத ஆளை வழியிலை இறக்கிவிடுவினம்."

"அப்ப சின்னப் பிள்ளைக்கு அரைக் காசு. இருபது."

"வர மட்டும்தானே, அண்ணை. அதிலையும் பாதி."

"மடியிலை இருத்தினால் அதுவும் வேண்டாம்."

"மடியிலை இருக்கமாட்டான். சரியான குழப்படி."

பத்து யூரோவை எண்ணி வைத்தார். சீட்டை நான் எழுதினேன்.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம் வன்னியில் ஜீப் ஓட்டுகிற தவரத்தினம் அங்கிருந்து தொலைபேசியில் அழைத்தான்.

"அண்ணை, வாசல் காவலாளி கணக்குப் பிழையெண்டு மறிச்சு வைச்சிருக்கிறான். உள்ளை போகேக்கை அஞ்சு பேர். இப்ப ஆறு எண்டு எழுதிப்போட்டான்."

"நீ எண்ணினியோ?"

"நாலு தரம். அஞ்சுதான். அந்த அம்மாவுக்குப் பக்கத்துச் சீற் வெறுமை. அவன் அதைக் காட்டித்தான் ஆள் இருக்கெண்டு நிக்கிறான்."

"அவ என்ன சொல்லுறா?"

"ஒண்டும் சொல்லேல்லை. சீற்றைக் கையாலை பிடிச்சுக்கொண்டு அழுறா. என்னைப் பார்த்து, வண்டியை எடு தம்பி எண்டுறா."

வியாபாரி கேட்கிற கேள்வியைத்தான் கேட்டேன். "அந்தப் பிள்ளைக்குச் சின்ன ஆக்களின்ரை ரிக்கற் இருக்கெண்டு காவலாளியிட்டைச் சொன்னியோ?"

"சொன்னனான். அவன் சிரிக்கிறான், அண்ணை. சின்னப் பிள்ளையோ, இருபது வயசுப் பெடியன், மீசை முளைச்சிட்டுது எண்டுறான்."

"ஆறு எண்டே இருக்கட்டும்," என்றேன். "வண்டியை எடு."

அன்று கடையை நேரத்தோடு பூட்டினேன். அதற்கு முன் கணக்குப் புத்தகத்தில் எழுதியது இது:

கரிகாலன். குளத்தடியிலிருந்து வாசல்வரை. பெரியவர் கட்டணம் இருபது யூரோ. வரவு பத்து. நிலுவை பத்து.