பாதி ஆப்பிள்

லோகப்பிரியா கல்யாணமாகிப் பெங்களூரு போனபோது தன் அறை ஜன்னலில் ஒரு புரோமிலியாட் செடியை விட்டுச் சென்றாள். அன்னாசியைப் போன்ற இலைகளில் சிவப்புக் கோடுகள் ஓடும் அந்தச் செடி இன்றுவரை பூக்கவில்லை. அவளுடைய அப்பா தம்பிதுரை நர்சரியில் விசாரித்து, பழுத்த ஆப்பிள் ஒன்றைத் தொட்டிக்குள் வைத்து, செடியைப் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டினார். பழுத்த ஆப்பிளிலிருந்து வரும் வாயு செடியைப் பூக்க வைக்குமாம்.

மறுநாள் அம்மா சுகந்தி பையைத் திறந்ததும் ஆப்பிள் வாசனை வந்தது. மகளின் பள்ளிக்கூடப் பை அப்படித்தான் மணக்கும். பாதி கடித்த ஆப்பிளை அடியில் ஒளித்துவிட்டு, "தின்னுட்டேம்மா" என்பாள்.

"ஏனுங்க, பூத்தா அப்புறம்?"

"தாய்ச்செடி மெல்லக் காஞ்சுபோயிரும். பக்கத்துல குட்டி வருமாம்."

"அவ வெச்ச செடிய நாமளே காய வெக்கறதுங்களா?"

சுகந்தி ஆப்பிளை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு மகளுக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னாள்.

"பூக்கட்டும்மா. வர்ற குட்டில எனக்கொண்ணு வேணும். இங்க ஜன்னல் சும்மாதான் கிடக்குது."

சுகந்தி போனை வைத்தாள். பிறகு ஆப்பிளுக்காகத் திரும்பினாள். அது தம்பிதுரையின் கையில் இருந்தது.

"வேண்டாம்னு எடுத்துட்டீன்னு நெனச்சேன். பாதி தின்னுபோட்டேன்."

"அப்பனும் புள்ளயும் ஒரே மாதிரி" என்று அதை வாங்கினாள் சுகந்தி. கடித்த பக்கம் செடியைப் பார்க்கும்படி வைத்துப் பையைக் கட்டினாள்.