மை பூசிய கட்டங்கள்

அடுத்த தெரு காந்திமதியின் பையன் கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து குதித்து, காலை முறித்துக்கொண்டான். சிட்லபாக்கம் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த கோடை அது. தண்ணீர் லாரிக்காகக் குடங்களோடு காத்து நின்றவர்களுக்குப் பேச விஷயம் கிடைத்துவிட்டது. பையனின் பையில், தையல்நாயகியின் வாடகை நூலகத்து முத்திரை போட்ட படக்கதைப் புத்தகம் ஒன்று இருந்ததாம். முகமூடி போட்ட ஒருவன் கட்டடம் விட்டுக் கட்டடம் தாவுகிற கதை.

காந்திமதி வீட்டில் விடிந்ததிலிருந்து படுக்கும் வரை டிவி ஓடும். அதை யாரும் சொல்லவில்லை.

நூலகம் என்பது தையல்நாயகி வீட்டின் முன்னறைதான். வாரப் பத்திரிகைகளும் நாவல்களும் சந்தாதாரர்களுக்கு. ஓரத்து அலமாரி நிறைய இருந்த படக்கதைகள் மட்டும் அவள் தம்பி சிவகுமாருடையவை. பள்ளி நாட்களில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தவன். பாலிடெக்னிக்கில் சேர்ந்த பிறகு அவனுக்கு மனம் கலங்கிப்போயிற்று. பல வருடம் பின்னறையில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தே கிடந்தான். அவள் நூலகம் வைத்து, அந்தப் புத்தகங்களை முன்னறைக்குக் கொண்டுவந்த பிறகுதான் எழுந்து வந்தான். அலமாரியின் அடியில் ஸ்டூல் போட்டு உட்காருவான். பிள்ளைகள் வந்து கேட்டால் எடுத்துக் கொடுப்பான், திரும்பி வந்ததைத் தடவிப் பார்த்து அதன் இடத்தில் வைப்பான். பேச்சு கிடையாது. ஆனால் அந்தக் கொடுப்பதும் வாங்குவதும்தான் அவனுக்கும் உலகத்துக்கும் நடுவே மிச்சமிருந்த ஒரே வழி. அது அடைபட்டால் அவன் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவான். தையல்நாயகியின் பயமெல்லாம் அது ஒன்றுதான்.

குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளர் பத்ரிநாராயணன் காந்திமதியோடு வந்தார். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. பச்சை மண்ணு மாதிரி பசங்க. வெளிநாட்டுலயே ஒரு காலத்துல இந்தப் புக்கையெல்லாம் ஸ்கூல் கிரவுண்டுல குவிச்சுக் கொளுத்தியிருக்கா. இதனாலதான் பசங்க கெட்டுப்போறான்னு ஒரு மனோதத்துவ டாக்டர் புஸ்தகமே எழுதினார். அமெரிக்காக்காரனே பயந்தான், நாம எம்மாத்திரம்?"

மனோதத்துவ டாக்டர் என்று சொல்லும்போது அவர் பார்வை ஸ்டூல் பக்கம் போய் வந்தது.

"என் புள்ளய கக்கூஸுக்குக்கூட தூக்கிக்கினுதான் போறேன்கா," என்றாள் காந்திமதி. "உன் தம்பி கையால குடுத்த புக்குதான அது?"

சிவகுமார் புத்தகத்திலிருந்து தலை நிமிரவில்லை.

"மொத்தமா எடுக்கச் சொல்லாதீங்க சார்," என்றாள் தையல்நாயகி. "எதெது கூடாதோ அதை மட்டும் நான் மறைச்சுடறேன்."

தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் கறுப்பு மையும் பிரஷ்ஷும் வாங்கி வந்தாள். முதலில் துப்பாக்கியும் கத்தியும்தான். பிறகு சிகரெட். பிறகு பெண்கள். அச்சடித்தவர்களே பயந்து, படத்திலிருந்த பெண்களின் வெறும் தோளுக்குச் சட்டைக்கை வரைந்துதான் போட்டிருந்தார்கள். நன்றாக இருந்த காலத்தில் சிவகுமார் அதைக் காட்டிச் சிரிப்பான். "அக்கா, ரெண்டாம் பக்கத்துல கையில்லாத சட்டை, மூணாம் பக்கத்துல முழுக்கை. நடுவுல எந்த டைலர்கிட்ட போயிட்டு வந்தா இவ?" அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டே அவள் அந்தச் சட்டைக்கைகளின் மேலும் மை பூசினாள்.

யோசிக்க யோசிக்க எல்லாமே கூடாததாகத் தெரிந்தது. காந்திமதியின் கண்ணால் பார்த்தாள், செயலாளரின் கண்ணால் பார்த்தாள், சந்தேகம் வந்த இடத்தில் பிரஷ்ஷை வைத்தாள். மலிவான சாணிப் பேப்பர் மையைக் குடித்து மறுபக்கத்துக்கும் விட்டது. அங்கே பேசிக்கொண்டிருந்த இரண்டு கிழவர்களின் முகம் காணாமல் போனது. சிவகுமார் ஸ்டூலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை சொன்னால் நிறுத்திவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் கூட்டம் வந்தது. அதுவரை படக்கதை பக்கமே எட்டிப் பார்க்காத பெரிய பையன்களெல்லாம் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். மை பூசிய புத்தகம்தான் வேண்டுமென்றார்கள்.

"மச்சான், இதுக்குள்ள இன்னா கீது?"

"ட்யூப்லைட்டுக்கு நேரா புடிடா. லேசா தெரியும்."

"டேய், காலு தெரியுதுடா!"

"யாரு காலு?"

"அதாண்டா தெரில. ஆனா காலு."

வாசலில் எழுந்த அந்தச் சிரிப்பைக் கேட்டதும் தையல்நாயகி எழுந்தாள். கொடுக்காதே என்று தம்பியிடம் சொல்ல வாயெடுத்தாள். இத்தனை பேர் அவன் கையிலிருந்து புத்தகம் வாங்கி அவள் பார்த்ததில்லை. அவன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். வாயை மூடிக்கொண்டாள்.

செயலாளர் மறுபடி வந்தபோது காந்திமதியோடு இன்னும் சில அம்மாக்களும் இருந்தார்கள். ஒருத்தியின் மகன் பூஜை அறை விளக்கு வெளிச்சத்தில் பக்கத்தைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தானாம். செயலாளர் அந்தப் பக்கத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். பாதிப் பக்கத்துக்கு ஒரே கறுப்பு.

"இங்க என்னம்மா இருந்தது?"

தையல்நாயகி குனிந்து பார்த்தாள். எத்தனையோ பூசியிருந்தாள். இதில் என்ன இருந்தது என்று நினைவுக்கு வரவில்லை. மை உலர்ந்து பளபளத்தது. எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். வெளியே ஒரு தண்ணீர் லாரி ரிவர்ஸில் வரும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்து, நின்றது.

"குதிரைக்குத் தண்ணி காட்டறா."

யார் பேசியது என்று புரியவே கொஞ்ச நேரமாயிற்று. சிவகுமார் எழுந்து நின்றிருந்தான்.

"அந்தப் பொண்ணு. வாளியில தண்ணி. ரொம்ப தூரம் ஓடி வந்த குதிரை. பாவம், தாகம்."

அவன் சொன்னதும் அவளுக்கு அந்தப் படம் முழுதாக ஞாபகம் வந்துவிட்டது. படத்துப் பெண் குனிந்திருக்கிறாளே என்றுதான் பூசினாள். "ஆமா சார்! குதிரைதான் சார்!" என்றாள். தம்பி சொன்ன பொய்யை அக்கா தாங்கிப் பிடிப்பதுபோல அவள் குரல் அவளுக்கே கேட்டது.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. இரக்கத்தோடுதான் கேட்டார்.

"குதிரைக்குத் தண்ணி காட்டறதுக்கு யாராவது மை பூசுவாளாம்மா?"

"உன் கையால நீயே பூசினே," என்றாள் காந்திமதி. "உனக்கே கூசித்தானக்கா பூசினே?"

பூசாமல் விட்டிருந்தால் புத்தகத்தைத் திறந்து காட்டியிருக்கலாம். காட்டுவதற்கு இருந்த ஒரே சாட்சியை அவள் கையே அழித்துவிட்டது. சிவகுமார் இன்னும் நின்றுகொண்டிருந்தான், வேறு ஏதாவது கேட்பார்கள் என்பதுபோல. யாரும் கேட்கவில்லை.

போலீஸில் எழுதிக் கொடுப்பதற்கு முன் எடுத்துவிடும்படி சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலமே படக்கதைகளையெல்லாம் பின்னறைக்குத் தூக்கிப் போனாள். அவன் அவற்றின் பின்னாலேயே போய், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். சாப்பிட வா என்றாலும் திரும்பவில்லை. முன்னறையில் வெற்று அலமாரியும் ஸ்டூலும் நின்றன. சந்தாதாரர்கள் வந்து பத்திரிகை மாற்றிப் போனார்கள். தம்பி எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு மத்தியானம் அவள் லாரியில் தண்ணீர் பிடித்துவிட்டு வந்தபோது, அவன் எழுந்து தரையில் உட்கார்ந்திருந்தான். ஒரு கணம் அவள் நெஞ்சு குளிர்ந்தது. பிறகுதான் மைப்புட்டி திறந்திருப்பதைப் பார்த்தாள்.

மடியில் அதே புத்தகம். குதிரைக் கட்டத்துக்கு அடுத்த கட்டத்தை அவன் பூசிக்கொண்டிருந்தான். அதில் ஒரு கிணறும் ஒரு மரமும் மட்டும்தான். அதற்கடுத்தது வெறும் வானம். கோட்டைத் தாண்டாமல், மூலைகளில் பிரஷ்ஷின் நுனியைத் திருப்பித் திருப்பி, அவளைவிடப் பொறுமையாகப் பூசினான். பூசி முடித்த புத்தகங்கள் சுவரோரமாக விரித்துக் காயவைக்கப்பட்டிருந்தன.

ஏண்டா என்று கேட்கும் யோக்கியதை தனக்கு இல்லை என்று அவளுக்குப் பட்டது.

மின்விசிறிக் காற்றில் பக்கம் எழுந்து ஈர மையின்மேல் மடங்கப் பார்த்தது. அவள் குடத்தை இறக்கிவைத்து, அவன் எதிரில் உட்கார்ந்து, பக்கத்தின் ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவன் பிரஷ்ஷை மையில் தோய்த்தான்.