டைப் பண்ணக்கூடாத அழைப்பு

எங்க ஆபீஸ்ல எழுதப்படாத விதின்னு ஒண்ணுமே கிடையாது. எல்லாத்தையும் எழுதி, ஃபைல் போட்டு, சீல் குத்தி, கையெழுத்து வாங்கிட்டுத்தான் அயோக்கியத்தனம் பண்ணுவாங்க. அந்தக் கையெழுத்துல பாதி என்னோடது.

தீவிரவாதத் தடுப்புப் பிரிவுல டைப்பிஸ்ட் நான். ஒட்டுக்கேட்ட பேச்சையெல்லாம் ஹெட்போன்ல கேட்டு, ஒரு வார்த்தை விடாம டைப் பண்ணணும். கடைசிப் பக்கத்துல "முழுமையானது, உண்மையானது"ன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். பன்னிரண்டு வருஷமா இதான் பொழப்பு.

அதுல ஒரு விதி. நாங்க அனுப்பின உளவாளி பேசுறதை மட்டும் டைப் பண்ணக்கூடாது. அந்த இடத்துல "நீக்கப்பட்டது"ன்னு போட்டுடணும். ஆளோட உயிருக்குப் பாதுகாப்பாம். கேக்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா அந்த உளவாளி எவனோ ஒரு அப்பாவியைப் பிடிச்சு "செய்யலாமா, செய்யலாமா"ன்னு நாப்பது தடவை அரிச்செடுப்பான். அவன் தொல்லை தாங்காம ஒரு தடவை "சரி, பார்க்கலாம்"னுவான். பேப்பர்ல பார்த்தா, யாருமே கேக்காம அவனாவே உக்காந்து சதி பண்ண மாதிரி இருக்கும். தூ!

இந்தத் தடவை மாட்டினது ஒரு லிஃப்ட் மெக்கானிக். ரெண்டு மாசம் அவர் குரல் என் காதுலதான் குடியிருந்துச்சு. நட்டு முறுக்கும்போது லிஃப்ட்டைப் பார்த்து, "ஏறும்மா மகராசி, என் மானத்தை வாங்காத"ன்னு கெஞ்சுவார். மகளுக்கு ஃபோன்லயே வாய்ப்பாடு சொல்லிக் குடுப்பார், எட்டாம் வாய்ப்பாட்டுல அவருக்கே உதைக்கும். அவர் தம்பியைக் காணாம எட்டு மாசம் ஆச்சு. மார்ச்சுவரி வரைக்கும் போய்த் தேடிட்டு வந்தவர்.

அவர்கிட்ட நாங்க அனுப்பின ஆளுக்கு ஆபீஸ்ல பேரு மச்சான். எவனைப் பார்த்தாலும் அஞ்சாவது நிமிஷம் மச்சான்னு கூப்பிட்டு ஒட்டிக்குவான், அதனால அந்தப் பேரு. "உன் தம்பி எங்க இயக்கத்துலதான் பத்திரமா இருக்கான் மச்சான். அந்தப் பெரிய வணிக வளாகத்து லிஃப்ட் ரூம் வரைபடத்தைக் குடு, தம்பியைக் கண்ணுல காட்டுறேன்." இதான் தூண்டில்.

தம்பி எங்க இருக்கான் தெரியுமா? நான் உக்காந்திருக்கிற சீட்டுக்கு ரெண்டு மாடி கீழ. சந்தேகத்துல பிடிச்சு, கணக்குல காட்டாம வெச்சிருக்காங்க. அவனோட விசாரணையை டைப் பண்ணதும் நான்தான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுறதுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. நாங்க பிள்ளையைத் திருடிட்டு வந்து, அப்புறமா கிள்ளி, அப்புறமா தொட்டிலை ஆட்டுறவங்க.

காலையில ரெண்டு மணி நேரம் பொதுமக்கள் புகார் ஃபோன் என் பொறுப்பு. "சந்தேகமா? எங்களிடம் சொல்லுங்கள்"னு பஸ்லயெல்லாம் ஒட்டியிருக்கே, அந்த நம்பர். ஒரு நாள் எடுத்தா அதே குரல்.

"அம்மா, ஒரு ஆள் என்கிட்ட ஒரு கட்டடத்தோட வரைபடம் கேக்குறான். தப்பான ஆளு மாதிரி தெரியுது. அங்க தினம் ஆயிரம் பேர் வந்து போறாங்க, குழந்தைங்க வருது. என் தம்பியை வெச்சு மிரட்டுறான். தம்பி எனக்கு வேணும்தான். அதுக்காக அடுத்தவன் குடும்பத்தைக் குடுக்க முடியுமா?"

"பயப்படாதீங்கண்ணா, நான் மேல சொல்றேன்"னேன். அண்ணான்னு வாய் தானா வந்துடுச்சு.

மூச்சு வாங்க ஐயா ரூமுக்கு ஓடினேன். ஐயாதான் எங்க பிரிவுத் தலைவர்.

"ஐயா, மச்சானைப் பத்தி லிஃப்ட்காரரே நம்மகிட்ட புகார் குடுக்குறாரு. நல்ல மனுஷன் ஐயா. கேஸை மூடிடலாம்."

"நம்ம ஆளைப் பத்தின அழைப்பா? அப்ப டைப் பண்ணக்கூடாது. விதி தெரியும்ல?"

"ஐயா, அவர் ஒத்துக்கவே இல்லை..."

"ரெண்டு மாச வேலைம்மா. மேலிடத்துல போய், லிஃப்ட்காரர் தங்கமான மனுஷன்னு சொல்லிட்டு வரவா?" சிரிச்சார். "நாளைக்குக் கூப்பிட்டா, அந்த ஆளைப் பார்க்கப் போகச் சொல்லு. கையும் களவுமா அவனைப் பிடிக்கப் பொறி வெச்சிருக்கோம்னு சொல்லு. வரைபடம் கையில இருக்கணும், அதை மறந்துடாத."

"என்னால முடியாது ஐயா."

"கீழ இருக்கானே தம்பி, அவன் ஃபைல்ல யார் கையெழுத்து? நான் போட்டதா?"

அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷமா வாயை மூடிக்கிட்டிருந்தவளுக்கு மறுபடியும் அடங்கிப்போக அந்த ஒரு கேள்வி போதுமா இருந்துச்சு. நாயா இருந்தாக்கூட ஒரு தடவை குரைச்சிருக்கும்.

மறுநாள் ஃபோன் வந்துச்சு. ஐயா என் மேஜை ஓரத்துல சாஞ்சுக்கிட்டு, இன்னொரு ரிசீவரைக் காதுல வெச்சிருந்தார்.

"தங்கச்சி, இன்னிக்கு நாலு மணிக்கு வரச் சொல்றான். போகவா, வேண்டாமா?"

"போங்கண்ணா." என் குரல் தேனா வழிஞ்சுது. "வரைபடத்தை எடுத்துட்டுப் போங்க. நம்ம ஆளுங்க அங்க இருப்பாங்க. அவன் கையை நீட்டினதும் பிடிச்சுடுவோம்."

"எனக்கு ஒண்ணும் ஆகாதே? வீட்ல பொண்ணு இருக்கு."

"ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்ல."

"தம்பியைப் பத்தி ஏதாவது தெரியுமா தங்கச்சி?"

ஐயா என்னைப் பார்த்தார். "தேடிக்கிட்டிருக்கோம்ணா"ன்னேன். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான். அந்த ஓநாய்க்காவது பசின்னு ஒரு காரணம் இருந்திருக்கும்.

நாலு மணி அஞ்சு நிமிஷத்துக்கு அவரைப் பிடிச்சாங்க. கையில வரைபடம். மச்சான் சுவர் ஏறித் தப்பிச்சானாம். டிவியில பெருசா ஓடுச்சு, ஐயாவுக்கு மாலை போட்டாங்க.

மூணாம் நாள் விசாரணைப் பதிவு என் மேஜைக்கு வந்துச்சு. ஹெட்போனை மாட்டினேன். முதல்ல லிஃப்ட்காரர் கோவமாப் பேசினார். அப்புறம் விளக்கிச் சொன்னார். அடிச்சிருக்காங்க, பல்லுக்கு நடுவுல காத்துப்போற மாதிரி பேச்சு. ஆனா திரும்பத் திரும்ப ஒரே விஷயம்தான். "உங்க ஆபீஸ் தங்கச்சிதான் என்னைப் போகச் சொன்னாங்க. அண்ணான்னு கூப்பிட்டாங்க. அவங்களைக் கூப்பிட்டுக் கேளுங்க, அவங்க உண்மையைச் சொல்வாங்க."

என்னை நம்பிக்கிட்டு உக்காந்திருக்கார். அதைக் கேட்டதும் பாத்ரூமுக்கு ஓடி வாந்தி எடுத்தேன். எடுத்துட்டு வந்து, வாயைத் துடைச்சுக்கிட்டு, மிச்சத்தை டைப் பண்ணேன்.

"இதையும் நீக்கிடவா ஐயா?"

"எதுக்கு? இருக்கட்டும். ரொம்ப உபயோகமா இருக்கு"ன்னு ஐயா ஒரு தாளை நீட்டினார். குற்றப்பத்திரிகை. "இதையும் சேர்த்து டைப் பண்ணிடு."

முதல் குற்றவாளி, லிஃப்ட் மெக்கானிக். இரண்டாம் குற்றவாளி, தொலைபேசி வழியாக அவரை இயக்கிய, அடையாளம் தெரியாத பெண். தலைமறைவு. தேடப்படுகிறார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். ஐயா கண் சிமிட்டிட்டு, டீ சொல்லவான்னு கேட்டார்.

ஒரு எழுத்துப் பிழை இல்லாம டைப் பண்ணேன். முழுமையானது, உண்மையானது. கீழ என் கையெழுத்தைப் போட்டேன், முழுப் பேரோட.