மங்கள வார்த்தை

குடிதண்ணீர் ஊற்றிவைக்கும் கல்யாணக் கிடாரத்தை வெளியே நின்றுகொண்டு தேய்க்க முடியாது. ஆள் உள்ளே இறங்கி உட்கார்ந்தால்தான் அடிக்குக் கை எட்டும். இஞ்ஞாசியம்மாள் காலையிலிருந்து அதற்குள்தான் இருந்தாள். புளியும் சாம்பலும் சேர்த்துத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்கத் தேய்க்க, பச்சை பிடித்திருந்த செம்பு சிவந்துகொண்டு வந்தது. கண்டனூரில் இருந்த அந்தப் பெரிய வீட்டின் சொந்தக்காரர்கள் மெட்ராசில் இருந்தார்கள். கல்யாணம் என்றால் பிளஷர் காரில் வந்து இறங்குவார்கள். பாத்திரங்களும் அப்போதுதான் உக்கிராண அறையை விட்டு வெளியே வரும்.

கை தேய்க்க, வாய் மாதாவுக்குச் சொல்லும் மங்கள வார்த்தைச் செபத்தை முணுமுணுத்தது. கிடாரம் அதை வாங்கிப் பெரிதாக்கித் திருப்பிச் சொன்னது. பக்கத்தில் குத்துவிளக்கு துலக்கிக்கொண்டிருந்த அக்கம்மாள், வீட்டுக்குள் கேட்கிறது என்று கையைக் காட்டினாள்.

மகன் சின்னப்பனை அடக்கம் செய்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. பால்பல்கூட விழாத பிள்ளை. வெறும் காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். மாதா கோயிலில் அவனுக்குத் துக்க மணி அடிக்கவில்லை, திருநாள் மணி அடித்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டுத் தலையில் பூமுடி வைத்தார்கள். பாவம் அறியாத பிள்ளை சம்மனசாக, மோட்சத்துத் தேவதூதனாகப் போகிறான், யாரும் அழக்கூடாது என்று சாமியார் சொல்லிவிட்டார். அவளும் அழவில்லை. வீட்டுக்கு வந்து மாதா படத்தின் முன்னால் நின்றாள். "நீயும் பிள்ளையப் பறிகுடுத்தவதான, ஒனக்குமா தெரியல?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, வழக்கம்போல் விளக்கை ஏற்றி வைத்தாள்.

புருஷன் சவரிமுத்து வெள்ளையடிக்கப் போன இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பொடிந்து படுத்த படுக்கையாகக் கிடந்தான். கல்யாணம் முடிந்து வீட்டைப் பூட்டிய பிறகு, வருஷம் முழுவதும் கூட்டித் துடைக்கிற வேலையை அவளுக்கே தருவதாகக் கணக்கப்பிள்ளை உடையப்பன் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் அவள் வீட்டில் உலை வைக்க வேண்டும்.

வெயில் ஏறும் நேரத்தில் உடையப்பன் பின்கட்டுக்கு வந்தார். அவள் ஊரான அமராவதிபுதூர் ஆள் யாரோ பிள்ளை இறந்ததைச் சொல்லிவிட்டார்கள். அவர் கிடாரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"பிள்ள எறந்தத ஏன் ஆத்தா மறைச்ச? கல்யாண வீடு இது."

"மறைக்கலங்க. யாரும் கேக்கல."

அவர் பொல்லாத மனுஷர் இல்லை. இந்த வேலைக்கு அவளைக் கூட்டிவந்ததே அவர்தான். வீட்டுக்கார ஆச்சி காதுக்கும் போய்விட்டது, இப்போது வருவார்கள் என்று சொல்லிவிட்டுக் குரலைத் தணித்தார். "கேட்டாகன்னா, தீட்டுக் கழிஞ்சிருச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிரு. ஒங்க சாமியாரு தண்ணி தெளிச்சாருல்ல, அதத்தான் கழிப்புன்னு வச்சுக்க. நானும் ஆமான்னுருவேன்."

அக்கம்மாளும் தலையை ஆட்டினாள். சொல்லித் தொலை என்பதுபோல் இருந்தது அவள் முகம்.

தேனம்மை ஆச்சி பின்வாசல் படியிலேயே நின்றார். மகளுக்குக் கல்யாணம், முகமெல்லாம் களைத்திருந்தது. கேள்விப்பட்டதிலிருந்து மனசே சரியில்லை என்றும், தனக்கும் ஒன்று பிறந்த மூன்றாம் மாதமே போயிற்று என்றும் சொன்னார். கண் கலங்கியது உண்மைதான். பிறகு கேட்டார்.

"தீட்டெல்லாம் கழிச்சுட்டியாடி?"

இஞ்ஞாசியம்மாள் கிடாரத்துக்குள்ளேயே எழுந்து நின்றாள். சவரிமுத்துவை நினைத்தாள். வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் சின்னப்பன் கழுவிப் போக்க வேண்டிய ஒன்றாகிவிடுவான் என்று தோன்றியது. அந்த எண்ணத்தை அவளால் தாங்க முடியவில்லை.

"தீட்டு இல்ல ஆச்சி. அவன் சம்மனசாப் போயிருக்கான். சம்மனசு போன வீட்ல கழிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

 ஆச்சி கோபப்படவில்லை. வேறு ஆளைப் பார்த்து வைக்கும்படி உடையப்பனிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். கல்யாணத்துக்குப் பிறகு உள்ள வேலைக்கும் சேர்த்தா என்று உடையப்பன் பின்னாலேயே போய்க் கேட்டார். சேர்த்துத்தான் என்று பதில் வந்தது.

அவள் கிடாரத்திலிருந்து இறங்கிக் கையைக் கழுவிக்கொண்டு, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு, பின்கட்டை ஒட்டிய சந்து வழியாக நடந்தாள். வெளியே போக அது ஒன்றுதான் வழி. உடையப்பன் அவள் இறங்கி நின்ற இடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். கிடாரத்துக்குள்ளும் ஒரு கை தெளித்தார். மறுபடி தேய்க்க யாரையும் கூப்பிடவில்லை. அது புதுசுபோல் மின்னியது. அவள் சந்து முனையை எட்டுவதற்குள், தண்ணீர் நிரப்புவதற்காக நான்கு ஆட்கள் அதைத் தூக்கிக்கொண்டு அதே சந்துக்குள் வந்தார்கள்.

முன்னால் வந்தவன் அவளைப் பார்த்துவிட்டுச் சத்தம் கொடுத்தான். "ஏத்தா, அங்குட்டு ஒதுங்கி நில்லு. கிடாரத்துல பட்டுறாத."

இஞ்ஞாசியம்மாள் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். செபத்தை விட்ட இடத்திலிருந்து வாய் மறுபடி தொடங்கியது. கிடாரம் அவளைத் தாண்டிப் போனது.