நாலாம் குழியில் இருந்த பூ

பல்லைப் பிடுங்கிக்கொண்டு சில நாள் வீட்டில் கிடந்துவிட்டு ருய்ஃபென் பரிசோதனைக் கூடத்துக்குத் திரும்பியபோது கன்னம் வீங்கியிருந்தது, வலி மாத்திரையின் மயக்கமும் தெளியவில்லை. டோங்லுவோ மலை முழுக்க மூடுபனி. கண்ணாடிக்கு வெளியே சாமந்தி வயல்கள் இருக்கின்றன என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

"உன் தம்பி பாஸாயிட்டாண்டி" என்றாள் ஷுமெய். தைபேயிலிருந்து புதிதாக வந்து சேர்ந்தவள், வாய்க்குப் பூட்டே கிடையாது. "சாதா பாஸ் இல்ல, பிரமாதமா பாஸ். எனக்கு ஒரு வேளைச் சோறாவது வாங்கித் தரச் சொல்லு."

ருய்ஃபென்னுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. தம்பி ஜுன்யாவ் சிப் தொழிற்சாலை வேலையை உதறிவிட்டு வந்து போட்ட முதல் சாமந்திப் போகம் இது. இங்கே பாஸாகி மருந்துக் கம்பெனி இந்தப் பூவை எடுத்துக்கொண்டால் ஊரில் இருப்பான்; இல்லையென்றால் புத்தாண்டுக்குப் பிறகு மறுபடி அதே தொழிற்சாலை, அதே விடுதிக் கட்டில். அறுவடைக்குச் சற்று முன்னால் மழை வேறு பிடித்துக்கொண்டது. அவன் பாஸாவான் என்று அவளே நம்பவில்லை.

அவள் வேலை எளிமையானதுதான். பூவைப் பொடித்து, ஆல்கஹாலில் ஊறவைத்து, வடிகட்டி, சின்னக் குப்பிகளில் ஊற்றித் தட்டில் உள்ள குழிகளில் வைப்பாள். மற்றது மெஷின் பாடு. அது ஒவ்வொரு குப்பியிலிருந்தும் ஒரு துளியை உறிஞ்சி இரும்புக் குழாய்க்குள் அழுத்தி அனுப்பும். பூவில் இருக்கும் சத்துகள் ஒன்றாக உள்ளே போனாலும் ஒன்றாக வெளியே வராது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் உண்டு. ஒவ்வொன்று வரும்போதும் கணினித் திரையில் ஒரு மலை எழும்பி அடங்கும். மலை எவ்வளவு பெரிதோ, சத்து அவ்வளவு.

தம்பியின் மலைகளைப் பார்க்கும் ஆசையில் கணினியில் அவன் கோப்பைத் திறந்தாள். மூன்றாவது மலையின் ஓரத்தில், பசுவை ஒட்டி நிற்கும் கன்று மாதிரி, ஒரு குட்டி மலை நின்றது. மாத்திரை மயக்கத்தில் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ தெரிந்தவரைத் தெருவில் பார்த்துவிட்டுப் பெயர் வராமல் நிற்பதைப் போல இருந்தது. பிறகு பெயர் வந்தது.

அது தம்பியின் பூவே இல்லை. மெஷின் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் சேர்த்து ஓட்டுவார்களே, குளிர்பெட்டி டப்பாவில் இருக்கும் முதல் தரப் பூ, அது. அந்தக் கன்றை அவள் வருஷக்கணக்காகப் பார்த்து வருகிறாள்.

"ஷுமெய், அன்னைக்கு நான் குப்பியெல்லாம் வச்சுட்டுப் போனேனே, நாலாம் குழிக்கு நேரா என்னன்னு டைப் பண்ணின?"

"நாலாவது பூன்னுதான். உன் தம்பியோடது. டப்பாப் பூ கடைசியில. புத்தகத்துல அப்படித்தான இருக்கு?"

"நாலுல நான் யார் பூவையும் வைக்க மாட்டேனே. டப்பாப் பூவைத்தான் வைப்பேன்."

"அத எங்கிட்ட யாரு சொன்னா?"

"இத வேற சொல்லணுமா? தைபேயில உன் வீட்டு லிஃப்ட்ல நாலு இருக்கா?"

ஆஸ்பத்திரியில்கூட நாலாம் மாடி வைக்காத ஊர் அது. நாலு என்றால் சாவு; அந்த ஊர்ப் பேச்சில் இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கும். அடுத்தவர் உழைப்பைப் போய் அதில் வைப்பாளா ருய்ஃபென்? விவசாயிகளின் பட்டியல் எழுதும்போது யாருக்கும் வேண்டாமல் மிஞ்சிய நாலாம் எண்ணைச் சிரித்துக்கொண்டே வாங்கியவன் அவள் தம்பி ஒருவன்தான்.

"இல்லடி" என்றாள் ஷுமெய், குரல் இறங்கி. "அப்ப நாலுக்கு அப்புறம் எல்லாமே ஒண்ணு தள்ளிப் போயிருக்கு. ஐயையோ, அஞ்சாவது பூ நம்ம லியாவ் மாமா வயலோடது. ஃபெயில்னு சொல்லி அனுப்பிட்டேனே. பாவம், தொப்பியை மாட்டிக்கிட்டு அப்படியே போனாரு." விரிந்த கண்ணோடு கூடத்தின் தலைவரைத் தேடி ஓடினாள்.

ருய்ஃபென் தம்பியின் குப்பியைத் தனியாக எடுத்து மறுபடி ஓட்டினாள். பம்பு முணுமுணுத்தது. பனி கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டது. திரையில் கோடு அசையாமல் போய்க்கொண்டே இருக்க, தானும் ஒரு துளியாக அந்தக் குழாய்க்குள் மிதப்பதாகத் தோன்றியது அவளுக்கு. முதல் மலை வந்தது. இரண்டாவது. மூன்றாவது மெல்ல எழும்பியது, எழும்பியது, அப்புறம் போதும் என்று இறங்கிவிட்டது.

கொஞ்சம்தான் குறைவு. அந்தக் கொஞ்சம்தான் அவளைக் கொன்றது.

மலையின் அடிவாரத்தில் மெஷின் ஒரு கோடு போடும். கோட்டுக்கு மேலே இருப்பதுதான் கணக்கு. மெஷின் தப்பாகப் போட்டால் ஆள் திருத்தலாம், அதற்கு வழி உண்டு. இங்கே மெஷின் தப்பாகப் போடவில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அவள் கை மவுசைப் பிடித்து, கோட்டை ஒரு மயிரிழை கீழே இழுத்தது. எண் ஏறியது. பாஸ். மாற்றத்தைச் சேமிக்கவா என்று கேட்டது கணினி.

கதவு திறந்தது. கையில் நூடுல்ஸ் பொட்டலத்தோடு ஜுன்யாவ்.

"மெல்லாம விழுங்கற மாதிரிதான் வாங்கினேன்" என்றான். பொட்டலத்தை மேஜையில் வைத்தவன் உட்காரவில்லை. முகம் கறுத்திருந்தது. "அக்கா, ஒண்ணு கேப்பேன். கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"என் பூவைக் காய்ச்சிக் குடிச்சுப் பாத்தேன். வெறும் வெந்நிதான். அது எப்படி பாஸாகும்? லியாவ் மாமா பூவை முகர்ந்து பாத்தாலே தெரியுது, அது ஃபெயிலாம்." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "எனக்காக நீ எதையாவது மாத்தினியா? அன்னைலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. உன் வேலை போயிடுமோன்னு இல்ல. உன்னை அப்படி நினைக்க வேண்டியிருக்கேன்னு."

கணினி இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. வெட்கம் அவள் வீங்கிய கன்னம் வரைக்கும் சுட்டது.

"இன்னும் மாத்தல" என்றாள்.

வேண்டாம் என்பதை அழுத்தினாள். கோடு தன் இடத்துக்குப் போனது, எண் இறங்கியது. திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

"இதுதாண்டா உன்னுது. தேறல. முன்னாடி வந்தது வேற பூவோட ரிசல்ட், நாங்க பண்ணின தப்பு."

ஜுன்யாவ் குனிந்து அந்தக் குட்டையான மலையைப் பார்த்தான். புத்தாண்டுக்குப் பிறகு அவன் எங்கே இருப்பான் என்பது இருவருக்கும் தெரிந்துபோயிற்று.

"அப்பாடா" என்றான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவளுக்காக நூடுல்ஸைச் சின்னச் சின்னதாக நறுக்க ஆரம்பித்தான்.