நான்கு வேளைப் பால்

கடல் ஏறும்போது, மரக்கால்களின் மேல் கட்டிய அந்த ஊர் மிதப்பதுபோல் இருக்கும். இறங்கும்போது நெடுங்கால் கொக்குகளைப்போல் சேற்றில் நிற்கும். நடுப்பகலில் வெயில் தண்ணீரில் பட்டு, மூங்கில் தரையின் இடுக்குகள் வழியே மேலே வந்து, ஓலைக்கூரையின் அடிப்பக்கத்தில் நெளியும். அகாபித்தா தறியிலிருந்து தலை நிமிரும்போதெல்லாம் அந்த ஒளியைத்தான் பார்ப்பாள். தான் கடலுக்கு அடியில் கிடப்பதாகவும், மேலே யாரோ படகில் தன்னைத் தேடிப் போவதாகவும் அவளுக்குத் தோன்றும்.

அவள் பனாய் தீவுக்காரி. கரையில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் சூலுக் கடல் கொள்ளைக்காரர்கள் வந்தார்கள். காவல் கோபுரத்தில் மணி அடித்தது. எல்லோரும் ஓடினார்கள். ஏழு மாத வயிற்றோடு அவளால் ஓட முடியவில்லை. கணவன் கோஸ்மே அன்று மீனுக்குப் போயிருந்தான். அவனுக்குச் செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும், யார் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்து நினைத்து அந்த நினைப்பே தேய்ந்துவிட்டது.

கொள்ளைக் கப்பலின் தலைவன், நகுதா லகாசன், அவளைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டான். வாழைநாரில் மெல்லிய துணி நெய்யத் தெரிந்தவள் என்பதுதான் காரணம். இரண்டு மாதத்தில் அந்த வீட்டின் பின்கட்டில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ரூபினா என்று அவளே பெயரிட்டு, அவளே தண்ணீர் தொட்டுச் சிலுவை வரைந்தாள். நகுதாவின் மனைவி பைரானி அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் வெந்நீர்ப் பானை ஒன்றை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். கைதிக்கு வெந்நீர் வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ரூபினாவுக்கு ஏழு மாதமானபோது பைரானிக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஜைனால் என்று பெயர். ஒன்பதாம் நாள் தாய்க்குக் காய்ச்சல் கண்டது. பால் வற்றிவிட்டது. லகாசன் தூரத்துத் தீவுக்குப் போயிருந்தான். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து இளநீரும் கஞ்சித் தெளிவும் புகட்டிப் பார்த்தார்கள். குழந்தை அதை வாயோரம் வழியவிட்டது. இரண்டாம் நாள் அதன் அழுகை பூனைக்குட்டியின் முனகலாக இளைத்துப்போனது.

கடல் இறங்கியதும் பெண்கள் கிளிஞ்சல் எடுக்கத் திட்டுக்குப் போனார்கள். வீட்டில் ஓசை இல்லை. பைரானி கண்ணை மூடிக் கிடந்தாள். அகாபித்தா தறியில் உட்கார்ந்து அந்த முனகலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இவனுடைய தகப்பன் தன்னை மணலில் இழுத்துப்போனவன் என்பது அவளுக்கு மறக்கவில்லை. ஆனால் முலைக்கு அது தெரியவில்லை. ரவிக்கை நனைந்துவிட்டது. எழுந்து போய்ப் பையனை எடுத்தாள். ஒரு பக்கம் ரூபினா, மறுபக்கம் அவன். கீழே சேற்றில் தேங்கிய நீரின் ஒளி கூரையில் நெளிந்தது. அவன் குடித்துக் குடித்து, வியர்த்து, வாயை எடுத்துவிட்டுத் தூங்கினான்.

யாரும் இல்லாத வேளை பார்த்து அன்று மாலை ஒருமுறை, மறுநாள் காலையில் ஒருமுறை, நடுப்பகலில் ஒருமுறை. அந்த நான்காவது முறையில் பைரானி கண்ணைத் திறந்து நேராக அவளைப் பார்த்தாள். பிறகு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். அன்று சாயங்காலமே காய்ச்சல் விட்டது. கூடவே பாலும் ஊறியது. அகாபித்தா தறிக்குத் திரும்பினாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது என்றும் தோன்றியது.

மூன்று வாரம் கழித்து லகாசன் வந்தான். கூடவே தாயெங் மலேவா என்ற பூகிஸ் இனத்து வியாபாரியும் தன் படகில் வந்து சேர்ந்தான். பெருத்த உடம்பு, கலகலப்பான பேச்சு. தறியில் இருந்த துணியை விரலால் தடவிப் பார்த்தான்.

"நகுதா, இந்தக் கை எனக்கு வேணும். போர்னியோவுல ஒரு பெரிய வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்காங்க. வெடிமருந்தும் அரிசியும் தர்றேன். வாய் திறந்து கேளுங்க."

"கொண்டு போங்க. குழந்தையும் இருக்கு."

"ஐயய்யோ, அது வேணாம். இருபது நாள் கடல்ல அழுகையைக் கேட்டுக்கிட்டு எவன் துடுப்புப் போடுவான்? குட்டிய நீங்களே வச்சுக்கோங்க. வளர்ந்தா உங்க வீட்டுக்கு ஒரு கை."

லகாசன் சற்று யோசித்தான். பிறகு தலையாட்டினான். மறுநாள் முற்பகலில், கடல் இறங்குவதற்குள் படகு புறப்பட வேண்டும்.

அகாபித்தா இதைத் தறியில் இருந்தபடியே கேட்டாள். பத்து மாதத்தில் அவர்கள் பேச்சு அவள் காதுக்குப் பழகியிருந்தது. பழகாமலே இருந்திருக்கலாம் என்று அப்போதுதான் நினைத்தாள். ரூபினாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தாள். கீழே பஸ்தியான் படகின் இடுக்குகளில் நாரும் பிசினும் அடைத்துக்கொண்டிருந்தான். அவனும் பனாய்க்காரன். இருபது வருஷத்துக்கு முன்னால் பிடிபட்டு, இப்போது இங்கேயே பெண்டாட்டி பிள்ளையோடு இருந்தான்.

"என்ன புள்ள, முகம் செத்த மீனாட்டம் இருக்கு?"

சொன்னாள். அவன் கை நின்றது. பிறகு அவளே, ஏன் சொல்கிறோம் என்று தெரியாமல், "அவங்க மகனுக்கு நான் பால் கொடுத்தேன் அண்ணே. அதுக்காகவாவது மனசு இரங்க மாட்டாங்களா?" என்றாள்.

"என்னது? பால் கொடுத்தியா? இத்தனை நாளா இதை முழுங்கிட்டா உக்காந்திருந்த?" பஸ்தியான் பிசின் சட்டியைக் கீழே வைத்தான். "அறிவுகெட்டவளே! இவங்க மார்க்கத்துல பால் கொடுத்தவ தாய். அந்தத் தாயை இந்த ஊர்ல எவனும் விக்க மாட்டான். வித்தான்னா அவன் வீட்டுல தண்ணி குடிக்கக்கூட ஆள் வராது. எத்தனை தடவை கொடுத்த?"

"நாலு."

அவன் முகம் சுருங்கியது. "அஞ்சு வேணும். வயிறு நிறைய அஞ்சு தடவை. அப்பத்தான் செல்லும்." சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "யாரு பார்த்தா? அஞ்சுன்னு சொல்லிடு. நான் போய் இமாமைக் கூட்டிட்டு வர்றேன்."

மறுநாள் காலை கடல் நிறைந்து நின்றது. வியாபாரியின் படகு வீட்டுக் காலில் கட்டியிருந்தது. இமாம் துகாசன் குடையை மடக்கிக்கொண்டு படியேறி வந்தார். மெலிந்த மனிதர். கண்ணில் படலம் விழுந்து பாதிப் பார்வைதான். லகாசனுக்கு எரிச்சல்.

"யாரு இந்தக் கதையைக் கட்டினது? அந்தப் பிசின்காரனா?"

"யாரு கட்டினா என்னப்பா, அவிழ்த்துப் பார்ப்போம்" என்றார் இமாம். அகாபித்தாவின் பக்கம் திரும்பினார். "மகளே, நீ வேற வேதக்காரி. உன் சாமி மேலேயே வச்சுச் சொல்லு. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்க. நீ சொல்றது இன்னியோட போறதில்ல. உன் மகளும் இந்தப் பயலும் அக்கா தம்பி ஆயிடுவாங்க. சாகுற வரைக்கும். அவங்க பிள்ளைகளுக்கும் அது உண்டு. எத்தனை தடவை?"

வாசலில் பஸ்தியான் ஐந்து விரலையும் விரித்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு எங்கோ பார்த்தான்.

அகாபித்தா வாயைத் திறந்தாள். ஐந்து என்ற சொல் நாக்கு நுனியில்தான் இருந்தது. மடியில் ரூபினா அவள் ஜெபமாலையை இழுத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். இந்தக் குழந்தை எதை வைத்துத் தன் தம்பியைத் தம்பி என்று கூப்பிடும்? இல்லாத ஒரு வேளையை வைத்தா? அவளுக்குத் துணிச்சல் என்று எதுவும் வரவில்லை. அந்த நான்கு வேளைகளும் கண்முன் வந்தன. ஒளி, வியர்த்த சின்ன நெற்றி, வீட்டின் அமைதி. அதில் ஐந்தாவதாக ஒன்றைச் செருக இடமில்லை.

"நாலு" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

பஸ்தியான் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"அப்புறம் என்ன? நாலுன்னா நாலுதான்" என்றான் லகாசன். ஆனால் அவன் குரலில் பழைய வேகம் இல்லை. பொய் சொல்லியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நல்லதாப் போச்சு" என்று தாயெங் மலேவா எழுந்தான். "தண்ணி வத்துது நகுதா. பவளத் திட்டுல தட்டிட்டா ராத்திரிதான் கிளம்ப முடியும். வா புள்ள. குட்டியக் கீழ வை."

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து பைரானி வந்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் வெளியே நடமாடியதே குறைவு. மகன் அவள் தோளில் இருந்தான். அகாபித்தாவின் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அது கனவில்லையா?" என்று கேட்டாள். "செத்துப்போன எங்கம்மா வந்து இவனை மடியில வச்சிருந்ததாத்தான் நான் நினைச்சேன். ரெண்டு பிள்ளை வச்சிருந்தாளே, ரெண்டாவது யாருதுன்னு இத்தனை நாளா யோசிச்சுக்கிட்டே இருந்தேன்."

பைரானி தன் மகனைத் தோளிலிருந்து இறக்கி அவள் மடியில் வைத்தாள்.

"இவனுக்குப் பசிக்குது."

"பசியா? இப்பத்தானே நீ கொடுத்த" என்றான் லகாசன்.

"பெத்தவ நான் சொல்றேன், பசிக்குது. உங்களுக்கு என்ன தெரியும்? இமாம், தாய் சொல்லி இன்னொருத்தி கொடுத்தா தடை உண்டா?"

இமாம் தாடியைத் தடவினார். உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "தடையே இல்ல. ஆனா வயிறாரக் குடிக்கணும். தானா வாயை எடுக்கணும். பிடுங்கக் கூடாது." பிறகு குரலை உயர்த்தினார். "ஆம்பளைங்க எல்லாரும் கடல் பக்கம் திரும்புங்க. ஒரு தாய் பால் கொடுக்கிறா."

அந்தச் சொல்லுக்கு அந்த ஊரில் மறுப்பில்லை. லகாசன் திரும்பினான். பஸ்தியான் திரும்பினான். தாயெங் மலேவாவும் முணுமுணுத்துக்கொண்டே தன் பெரிய முதுகைக் காட்டி நின்றான். இமாம் பாதிப் பார்வைக்காரர் என்றாலும் அவரும் திரும்பிக்கொண்டார்.

ஜைனால் வாயில் வைத்துவிட்டு விளையாடினான். அவனுக்கு நிஜமாகவே பசி இல்லை. அகாபித்தாவுக்கோ பயத்தில் பால் இறங்கவில்லை. நிமிஷங்கள் போயின. கீழே தண்ணீர் வீட்டுக் கால்களை விட்டு நழுவும் ஓசை கேட்டது.

"ஆச்சா?" என்றான் வியாபாரி கடலைப் பார்த்தபடி.

"பேசாம நில்லுங்க தாயெங். உங்க குரலுக்கே பால் கட்டிக்கும்" என்றாள் பைரானி. அகாபித்தாவின் முதுகில் கையை வைத்து, மேலிருந்து கீழாக மெதுவாகத் தடவிக் கொடுத்தாள். ஒரு தாய் தன் மகளுக்குச் செய்வது அது. பத்து மாதமாக அகாபித்தாவை அன்பாகத் தொட்டவர் யாருமில்லை. அவள் மனதுக்குள் மரியாளை அழைத்தாள். பைரானியின் உதடுகளும் எதையோ ஓதிக்கொண்டிருந்தன. இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் போயிருக்க வேண்டும். ஏனென்றால் பால் இறங்கியது.

பையன் கண் சொருகிக் குடித்தான். கூரையில் ஒளி மெல்ல மெல்ல மங்கியது, கீழே தண்ணீர் குறைந்துகொண்டே போனதால். அவர்கள் எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்கள் என்று பின்னாளில் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் ஜைனால் வாயை எடுத்தான். ஒரு ஏப்பம் விட்டான்.

"அது போதும்" என்றார் இமாம், திரும்பாமலே.

வெளியே தாயெங் மலேவாவின் படகு சேற்றில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அவன் அதைப் பார்த்தான், லகாசனைப் பார்த்தான், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். "ஒரு பிடிப் பையன், ஒரு வாய்ப் பால். என் வியாபாரத்தையும் குடிச்சான், என் கடலையும் குடிச்சான். சரி நகுதா, மரவள்ளியாவது போடுங்க, ராத்திரி வரைக்கும் நான் எங்க போவேன்?"

லகாசன் சிரிக்கவில்லை. வெடிமருந்து கைவிட்டுப் போன வருத்தம் அவன் முகத்தில் இருந்தது. நீண்ட நேரம் படியில் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து வந்து, தன் மகனையும் அந்தப் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தான்.

"காத்து மாறட்டும்" என்றான், யாரிடமும் இல்லாமல். "சம்போவாங்கா பக்கம் போற படகு ஏதாவது வரும், அங்கேருந்து அவ ஊருக்குப் போயிடலாம். பால் கொடுத்தவளைக் கட்டி வச்சிருந்தியான்னு நாளைக்கு இவனே என்னைக் கேப்பான்."

அது வாக்கா, அலுப்பா என்று அகாபித்தாவுக்குத் தெரியவில்லை. காற்று மாற இன்னும் நான்கு மாதம் இருந்தது. பைரானி அதையெல்லாம் காதில் வாங்காமல் ரூபினாவைத் தன் மடிக்கு இழுத்து, மூக்கைத் துடைத்துவிட்டு, முதல் முறையாகக் கேட்டாள்.

"எம்மகனுக்கு அக்காவா வந்தவ பேரு என்ன?"